எலிக்குக் குணமான வல்லாரை

மடுல்கெல்ல போகும் பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் அரைமணியாக நிற்கிறது. கண்டக்டர்கூடக் கத்துவதை விட்டுவிட்டார். கண்டியில் கிளினிக் முடித்துத் திரும்பும் பெண், பக்கத்தில் இருந்த தேயிலைத் தோட்டத்து அக்காவிடம் சொன்னாள்:

“எலிக்கெல்லாம் சொகமாயிருச்சாம்க்கா.”

“எந்த எலிக்கு?”

“பரிசோதன எலிக்கு. எனக்கு இருக்கிற மாதிரியே குடல் புண்ணாம். வல்லாரச் சாறு குடுத்து ஆத்திட்டாங்களாம். இப்ப மனுசங்களுக்குக் குடுத்துப் பாக்கப் போறாங்க.”

“ஒன்னையும் சேத்துக்கிட்டாங்களா?”

“இல்லக்கா. வல்லார சாப்புடுவீங்களான்னு கேட்டாங்க. ரெண்டு வருசமா தெனமும் சம்பல் போட்டுத் திங்கிறேன்னேன். அப்படின்னா சேக்க முடியாதாம்.”

“அம்புட்டு நாளாத் தின்னியே, கொறஞ்சிச்சா?”

அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“கொறையலக்கா. அத மட்டும் அங்க யாரும் கேக்கல.”