இத்வால் பெப்பின் கூண்டில் அகப்பட்டது மிங்க் அல்ல

நாள்: 5 அக்டோபர் 1994, புதன்கிழமை, காலை 10.20
இடம்: கும் ஹெஸ்கின் காவல் நிலையம், மத்திய வேல்ஸ்
பதிவு செய்பவர்: கான்ஸ்டபிள் மெரிடித்

என் பெயர் எம்லின் கெதின். தகப்பனார் காலஞ்சென்ற ஹொவெல் கெதின். வயது அறுபத்து நான்கு. கும் ஹெஸ்கின் கிராமத்தில் சிற்றாலயத்துக்கு மேலே கடைசி வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். தனியாக என்றது மனிதர்களைக் கணக்கில் வைத்து. கீரி போல நீண்ட உடம்புள்ள வளர்ப்புப் பிராணிகளான ஃபெரெட்டுகள் ஏழு உண்டு. தொழில் வேலி போடுவது. அதைவிட முக்கியமாக, ஃபெரெட்டை வளைக்குள் விட்டு முயல் பிடிப்பது. இந்தக் கையில் பிடிபட்ட முயல்களை வரிசையாக நிறுத்தினால் இங்கிலாந்து எல்லை வரை போய்த் திரும்பி வரும்.

இந்தப் பள்ளத்தாக்கில் எவர் கூண்டில் எது விழுந்தாலும் அது மிங்கா, போல்கேட்டா, ஃபெரெட்டா என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். மூன்றுக்கும் ஒரே நீள உடம்பு, ஒரே குட்டைக்கால், ஒரே பல். ஆனால் சட்டம் மூன்றுக்கும் வேறு. மிங்க் வெளிநாட்டிலிருந்து வந்து மீனைத் தின்று தீர்க்கும் பிராணி, அகப்பட்டால் திரும்ப வெளியே விடக்கூடாது, விட்டால் குற்றம். ஃபெரெட்டின் காட்டு உறவான போல்கேட்டை அனுமதியில்லாமல் பொறி வைத்துப் பிடிப்பதோ கொல்வதோ குற்றம். ஃபெரெட் என்றால் உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். நாற்பது வருடங்களாக நான் சொல்வதுதான் தீர்ப்பு, இதுவரை பிசகியதில்லை. ஒரு முறை தவிர. அந்த ஒரு முறைக்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

தபால்காரி நெஸ்டா பிரைதர்க், டிரௌட் மீன் பண்ணை வைத்திருக்கும் இத்வால் பெப்பின் கூண்டைத் திறந்து மிங்க் ஒன்றை ஆற்றோரம் விட்டுவிட்டாள் என்பது புகார். அது மிங்க்தான் என்று உறுதி செய்ய நிபுணன் என்ற முறையில் என்னை வரச்சொன்னார்கள். நான் உறுதி செய்தால் அவள் மீது வழக்கு. வழக்கு வந்தால் பதினாறு வருடத் தபால் வேலை போய்விடும். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கடந்த முதல் தேதி சனிக்கிழமை அறுவடைக் கண்காட்சி நடந்தது. அதில் ‘போல்கேட் நிற ஃபெரெட்’ என்ற பிரிவில் என் பெட்டை ஃபெரெட் பிளாட்வென் முதல் பரிசாக வெள்ளிக்கோப்பை பெற்றது. பிளாட்வென் வேலையில் மகாராணி. நிறத்தில் மட்டும் பால் சற்று அதிகமாகிவிட்ட தேநீர். ஆகவே அன்று காலை அடுப்புக் கரியைப் பன்றிக்கொழுப்பில் குழைத்து, தலை முதல் வால் வரை நானே தேய்த்துவிட்டேன். முகத்தில் போல்கேட்டுக்கு இருப்பது போல் பட்டை மட்டும் தீட்ட நினைத்துத் தொடங்கியது, அது தலையை ஆட்டியதில் முகம் முழுவதும் கறுப்பாகிவிட்டது. தாடைக்குப் போனபோது கடித்துவிட்டதால் தாடையை மட்டும் விட்டுவிட்டேன். நடுவருக்கு அன்று காலைதான் வேறொரு ஃபெரெட் விரலைப் பதம் பார்த்திருந்தது. அவர் கைகளைச் சட்டைப் பையில் வைத்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

இரண்டாம் பரிசு பெற்றது இதை எழுதிக்கொண்டிருக்கும் அதிகாரியின் ஃபெரெட். இந்த இடத்தில் அதிகாரி பேனாவைக் கீழே வைத்து ஜன்னல் வழியாகச் சற்று நேரம் பார்த்தார் என்பதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, இத்வாலின் மீன் குளங்களுக்கு மேலே உள்ள சரிவில் முயல் வளைகளுக்கு வலை போட்டு, பிளாட்வென்னை உள்ளே விட்டேன். பதினொரு மணி வரை அது வெளியே வரவில்லை. உள்ளேயே முயலைக் கொன்று, தின்று, அதன் மேலேயே தூங்குவது ஃபெரெட்டுகளின் வழக்கம் என்பதால் மண்வெட்டியுடன் காத்திருந்தேன். புதருக்குப் பின்னால் நான் வலை போடாத ஒரு பொந்து இருந்தது என்பதும், அதன் வழியாக அது வெளியேறி, மிங்க் பிடிக்க இரையாக வைத்த மீன் தலைக்கு ஆசைப்பட்டு இத்வாலின் கூண்டுக்குள் போயிருந்தது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அந்நேரம் இத்வால் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தான்.

“யோவ் எம்லின், கூண்டுல ஒண்ணு விழுந்திருக்குய்யா. வந்து பாரு.”

“நான் எதுக்குய்யா வரணும்? நீ சொல்லு, இங்கிருந்தே சொல்றேன். உடம்பு?”

“அடியிலேருந்து நுனி வரைக்கும் ஒரே கறுப்பு.”

“மூஞ்சியில பட்டை?”

“பட்டையெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“தாடை?”

“வெள்ளை.”

“மிங்க். போய்ச் சுட்டுத் தள்ளு. என் ஃபெரெட் வெளியே வர நேரம், சத்தம் போடாத.”

அவன் துப்பாக்கி எடுக்க வீட்டுக்கு இறங்கினான். அதன் பிறகு நான் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துத் தின்னத் தொடங்கினேன். இரண்டாம் கடியில் பாலாடைக்கட்டியின் மேல் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருப்பதைக் கண்டேன். காலையில் பிளாட்வென்னைப் பெட்டியிலிருந்து எடுத்த கை அது. உடம்பெல்லாம் ஒரே கறுப்பு, தாடை மட்டும் வெள்ளை. கையில் இருந்ததைக் கீழே வைத்தேனா, விழுங்கினேனா என்பது நினைவில் இல்லை.

அதன் பிறகு ஓடினேன். எனக்கு இடது முழங்கால் இல்லாதது போலத்தான். இருந்தும் அந்தச் சரிவில் ஒரு பந்தயக் குதிரையை முந்தினேன். அதிகாரி கேட்டுக்கொண்டபடி, அந்தச் சரிவில் குதிரை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். துப்பாக்கி அலமாரியின் சாவியை இத்வாலின் மனைவி மாவு டப்பாவுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால் அவனுக்குப் பத்து நிமிடம் பிந்தியது. அந்த அம்மாளுக்கு என் நன்றியை இங்கேயே பதிவு செய்கிறேன். அவர் எந்தப் பொருளையும் இனி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது கூண்டுக் கதவு திறந்து கிடந்தது. இத்வால் துப்பாக்கியும் கையுமாக, தூரத்தில் போகும் சிவப்புத் தபால் வண்டியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். “தொறந்தியான்னு கேக்குறேன், ஆமா தொறந்தேன்னு சொல்லிட்டுப் போறா! இனி என் மீனெல்லாம் அதுக்குத்தான்!” பேச வேண்டிய இடம் அதுதான். கோப்பையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். இதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஆற்றோரம் முழுவதும் தேடிவிட்டு, வெறும் பெட்டியுடன் வீடு திரும்பினேன். வாசலில் நெஸ்டா நின்றிருந்தாள். தபால் பையின் மூடியைத் தூக்கிக் காட்டினாள். கடிதங்களின் மேல் பிளாட்வென் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மின்சார வாரியத்திலிருந்து எனக்கு வந்த உறை ஒன்றில் மூக்கின் கறுப்புப் பதிந்திருந்தது. பிளாட்வென்னைத் தூக்கி என் பெட்டிக்குள் விட்டேன்.

“எப்படிம்மா கண்டுபிடிச்சே?”

“மிங்க்னா கம்பியைக் கடிச்சுப் பிச்சிருக்கும் மாமா. போல்கேட்னா பயத்துல நாறடிச்சிருக்கும். இது என்னைப் பாத்துக் கொட்டாவி விட்டுச்சு. நீங்க தினம் காலையில தீனி வைக்கிறப்ப நாக்கைச் சொடுக்குவீங்கல்ல, அது மாதிரி சொடுக்கிப் பாத்தேன். கதவாண்ட ஓடி வந்துருச்சு.”

“அப்புறம்?”

“கதவைத் தொறந்து தூக்கிப் பைக்குள்ள போட்டேன். என் கையைப் பாத்தேன்.” கறுத்திருந்த பெருவிரலைக் காட்டினாள். “சனிக்கிழமை கண்காட்சிக்கு நானும் வந்திருந்தேன் மாமா.”

“நெஸ்டா…”

“நான் ஒண்ணும் பாக்கல. போய்க் குளிப்பாட்டுங்க. அதையும், உங்களையும்.”

அவ்வளவுதான் பேசினாள். நேற்று இதே மேசைக்கு முன்னால் அவள் சொன்னது, “அது மிங்க் இல்ல” என்ற ஒரே வாக்கியம். பிறகு என்ன என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. தன் வேலை போகும் என்று தெரிந்தும் என் வெள்ளிக்கோப்பையைக் காப்பாற்றினாள். நாற்பது வருடம் மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொன்ன நான், என் சொந்தப் பிளாட்வென்னுக்கு மரண தண்டனை கொடுத்துவிட்டு ரொட்டி தின்றேன். கடிதம் கொண்டு வருகிறவள் குனிந்து பார்த்தாள். எங்களுக்குள் இருக்கும் வித்தியாசம் அதுதான்.

அதிகாரி ஆதாரம் கேட்டதால் பெட்டியைத் திறந்து பிளாட்வென்னை மேசையில் விட்டேன். பன்றிக்கொழுப்பு இலேசில் போகாது. மூன்று முறை குளிப்பாட்டியும் முதுகிலும் பாதங்களிலும் இன்னும் கறுப்பு இருக்கிறது. அதிகாரி முதுகு முடியை விரலால் விலக்கிப் பார்த்தார். அடியில் வெளிர்நிறம் தெரிந்தது. அவர் விரல் கறுத்தது. வெளியே காத்திருந்த இத்வாலையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். அவன் குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

“இதையாய்யா என்னைச் சுடச் சொன்ன?”

“ஆமாய்யா.”

“சுட்டுட்டு வந்து உங்கிட்டயே தூக்கிக் காட்டியிருப்பேனே, படுபாவி.” பிறகு தொப்பியைக் கழற்றினான். “அந்தப் பொண்ணு எங்க இருக்கா? மொதல்ல அவகிட்டப் போகணும்.” புகாரை அந்த இடத்திலேயே திரும்பப் பெற்றுக்கொண்டான். அவனுக்கும் நன்றி.

கோப்பையை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதைக் கண்காட்சிக் குழு யாருக்குக் கொடுக்கும் என்பது எனக்கும் தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும். அவர் அதற்காகப் பேனாவை வேகமாக ஓட்டவில்லை என்று சாட்சி சொல்கிறேன். கோப்பை இருந்த இடத்தில் நெஸ்டா கொண்டு வந்த அந்த மின்சார வாரிய உறையை வைக்கப்போகிறேன். மேலே கண்டவற்றில் குதிரையையும், எல்லை வரை போன முயல்களையும் தவிர மற்ற ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடியே என்றும், எவருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொன்னேன் என்றும் உறுதி கூறிக் கையொப்பமிடுகிறேன். என் கையொப்பத்தின் மேல் உள்ள கறுப்புக் கால்தடங்கள், மை காய்வதற்குள் பிளாட்வென் நடந்து போனதால் ஏற்பட்டவை. அவற்றை அடிக்க வேண்டாம். தன்னைத் திறந்துவிட்டது யார் என்பதற்கு அதுவும் நேரில் கண்ட சாட்சி.

(ஒப்பம்) எம்லின் கெதின்

வாசித்துக் காட்டப்பட்டது. சரி என ஒப்புக்கொண்டார். நெஸ்டா பிரைதர்க் மீது மேல்நடவடிக்கை இல்லை. கால்தடங்கள் அடிக்கப்படவில்லை.
(ஒப்பம்) மெரிடித், கான்ஸ்டபிள்