புருஷன் பேரைச் சொல்லாதவள்

ஜாசினிலிருந்து மலாக்கா போகும் பஸ். முன் சீட்டில் ஜெயிலில் பெண்கள் பக்கம் கூட்டும் அம்மாளும் ஒரு தோட்டத்துப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். பைத்தியம் என்ற சொல் விழுந்ததும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அந்தக் காட்டுவாசி ஜக்குன் சனத்துப் பொம்பளைய திங்கக்கிழமை பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க," என்றாள் கூட்டுகிறவள்.

"என்னக்கா பண்ணுனா?"

"அடுத்தவன் கொல்லையில மரவள்ளி புடுங்குன கேசு. கோர்ட்டுல புருஷன் பேரக் கேட்டாங்க, வாயே தொறக்கல. பைத்தியம்னு எழுதிட்டாங்க. அவ புருஷன் செத்துட்டான். செத்தவங்க பேர அவ சனங்க சொல்ல மாட்டாங்களாம். பிரம்பு வாங்க அவங்க ஊரு கம்போங்குக்குப் போற எங்கண்ணன் சொல்லுது."

"எம் புருஷன் உசிரோட இருக்காரு. நானே அவர் பேர ஒரு நாளும் சொன்னதில்லயே!"

"ஒன்னயக் கேட்டா பக்கத்துல நிக்கிறவ எடுத்துச் சொல்லிருவா. அவ பக்கத்துல யாரு நின்னா?"