நூற்றில் மூன்று செல்கள்

ஈஸ்ட் வளர்ப்பதில் எனக்குக் கைராசி உண்டு. எங்கள் ஆய்வகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விசாரிக்க வந்த நீங்கள் அந்த மாணவியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், அதற்கும் வருகிறேன்.

ஈஸ்ட் செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதில் சில புரதங்கள் கூட்டம் கூட்டமாக, இடம் விட்டு உட்கார்ந்திருக்கும். ஒளிரவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவற்றை அப்படி உட்காரவைக்கிற மரபணு எது என்று பதினொரு வருடம் தேடினேன். ஒவ்வொன்றாக நீக்கி நீக்கிப் பார்த்ததில் கழுத்து வலிதான் மிச்சம். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து நின்றுபோனது.

அவள் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து ஆறே மாதம். "அண்ணா, இங்க வந்து பாருங்களேன். புள்ளியே இல்ல, எல்லாம் ஒரே கட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றாள். பார்த்தேன். வயிறு எரிந்தது. அதே மரபணுவை நீக்கி, அதே கட்டியை ஏழு வருடம் முன்பே நான் பார்த்திருக்கிறேன். செத்த செல் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். ஆக, கண்டுபிடித்தது நான்தான். இதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள்.

மரபணு நீக்கிய செல் மெதுவாக வளரும். சாதாரண செல் மளமளவென்று பெருகும். எல்லாருக்கும் செல் வளர்த்துக் கொடுப்பது என் வேலை. திங்கட்கிழமை அவளுடைய குடுவையில், அதேபோல் ஒளிரும் சாதாரண செல்லைப் பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு வைப்பேன். புதன்கிழமை அவள் பார்க்கும்போது நூற்றில் தொண்ணூற்றேழு செல்லில் புள்ளிகள் ஒழுங்காக இருக்கும். மீதி மூன்றைக் காட்டி இது என்ன என்று கேட்பாள். செத்த செல் என்பேன். எத்தனை தடவைதான் கேட்பாள், எரிச்சலாக வரும். ஆனாலும் பொறுமையாகத்தான் சொல்வேன். இரண்டு வருடத்தில் ஒரு திங்கட்கிழமைகூடத் தவறவில்லை.

அந்தக் கட்டி மறுபடி வரவேயில்லை என்பதால், அவள் எடுத்த முதல் படமே ஜோடனையா என்று எங்கள் பேராசிரியர் எல்லார் முன்னாலும் கேட்டார். அன்று அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் பார்த்தது நிஜந்தானா அண்ணா? என் கண்ணு மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு."

"இல்லம்மா. ஆசைல பார்த்துட்ட."

கூடப்பிறந்தவளாக நினைத்ததால்தான் அப்படிச் சொன்னேன். படத்தைத் திருத்தியதாக எழுதிக் கொடுத்துவிட்டால் கௌரவமாக வெளியேறலாம் என்றும் சொன்னேன். வாசகத்தை நானே சொல்லச் சொல்ல எழுதினாள். "நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்னே தெரியல" என்றாள்.

போன வாரம் அவளுடைய அம்மாவிடம் தொலைபேசியில் விசாரித்தேன். "வீட்டுக்கு யாரு வந்தாலும், நிஜமாவே வந்திருக்காங்களான்னு என்னைக் கேக்கறாப்பா" என்றார். வருத்தமாகத்தான் இருந்தது.

அவள் பார்த்தது சரி. கலந்தது நான். அந்தக் கடிதத்தில் இருப்பது என் வார்த்தைகள். இதையெல்லாம் நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். நானே போய்ச் சொல்லியிருப்பேன், அந்த மரபணுவைப் பற்றிய கட்டுரையை முடிக்க வேண்டியிருந்தது. அதில் நன்றி சொல்லும் இடத்தில் அவள் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன்.