மக்ரூன் கடைக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று

என் பெயர் ஜெப்ஸி, வயது முப்பத்து நான்கு, கணவர் பெயர் டிக்சன். அவர் சரக்குக் கப்பலில் சமையல் வேலை செய்கிறார், இப்போது கடலில் இருக்கிறார். தூத்துக்குடி மில்லர்புரத்தில் மாமனார் தேவபிரசாதத்தின் வீட்டில் குடியிருக்கிறேன். வீட்டின் பின்பக்க அறையில் மக்ரூன் என்ற முந்திரி இனிப்பு போட்டு விற்பது என் தொழில். மாமனார் கொடுத்த புகாரின் பேரில் இன்று என்னை நிலையத்துக்கு அழைத்து விசாரித்ததில் நான் சொல்வது:

மாமனார் பக்கத்து நாசரேத் ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூர் ஆர்டருக்காக நான் தொடங்கிய இணையதளத்தை, பெரியவர் என்ற மரியாதைக்காக அவர் பெயரிலேயே பதிவு செய்தோம். கூகுளில் தூத்துக்குடி மக்ரூன் என்று தேடினால் எங்கள் கடை முதல் பக்கத்திலேயே வந்ததால் சென்னை, பெங்களூர் என்று ஆர்டர் வந்துகொண்டிருந்தது. வீட்டில் உலை கொதித்தது அதில்தான். அதன் பிறகு, வெப்சைட் வேலை பார்க்கும் ஷாம் என்பவர் வீட்டுக்கு வந்து, ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, மற்ற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளை, அதாவது லிங்குகளை எண்ணி, எல்லா இணையதளத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதாகவும், எங்களுக்கு இருபத்திரண்டு என்றும் மாமனாரிடம் காட்டினார். கூகுள் அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை என்பதையும் அவரே சொன்னார். வாத்தியார் காதில் விழுந்தது இருபத்திரண்டு மட்டும்தான். முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் அவருக்கு ஃபெயில்.

அன்று முதல் காலை ஜெபம் முடிந்ததும் மாமனார் அந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். கணவரிடம் போனில் முறையிட்டேன். "அப்பா மனசு நோகப் பேசாத. ஒரு நம்பர்தான, ஏறுனா ஏறிட்டுப் போவுது" என்றார். ஏறத்தான் செய்தது. மாமனார் சொன்னபடி ஷாம் காசு கொடுத்து, சூதாட்டத் தளம், வழுக்கைத் தலை மருந்துத் தளம் என்று கண்ட இடத்திலிருந்தும் எங்கள் கடைக்கு இணைப்புகள் போட வைத்தார். நாற்பத்தொன்று வந்தது. எங்கள் சபையில் பிள்ளைகள் பரீட்சையில் தேறினால் ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பதும், ஆராதனையில் போதகர் அதை வாசிப்பதும் வழக்கம். மாமனார் அடுத்த ஞாயிறே வெப்சைட் தேறியதற்குக் காணிக்கை படைத்தார். போதகரும் வாசித்தார். சபையார் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஆமென் சொன்னார்கள். நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஆர்டர் குறைந்து, கிறிஸ்துமஸ் வந்தபோது அடியோடு நின்றது. காசுக்கு வாங்கிய இணைப்புகளுக்காக எங்கள் கடையைத் தேடலிலிருந்து நீக்கிவிட்டதாகக் கூகுளிடமிருந்து தகவல் வந்திருந்தது. அதை மாமனாரிடம் காட்டி, இணைப்புகளை எடுக்கச் சொன்னேன்.

"ஏளா, எடுத்தா மார்க் இறங்கிராதா? ஆண்டவருக்கு நன்றி சொல்லி வாங்குன பாஸை நான் எப்படி ஃபெயிலாக்குவேன்?"

"ஆர்டர் வரலையே, மாமா."

"ஆர்டர் இன்னைக்கு வரும், நாளைக்குப் போவும். மார்க்குதான் நிக்கும்."

பண்டிகைக்கென்று போட்டு வைத்த மக்ரூன் ஈரக்காற்றில் பிசுபிசுத்துவிட்டது. முட்டை வெள்ளையை அடித்து அடித்துத் தோள் இற்றுப்போன நானே அதை அள்ளிக் குப்பையில் கொட்டினேன். அப்போது மாமனார் முன்னறையில் ஒரு விருந்தாளிக்கு நாற்பத்தொன்றைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு மாமனாருக்குத் தெரியாமல் ஷாமிடம் சொல்லி எல்லா இணைப்புகளையும் எடுக்க வைத்ததும், மறுபடி சேர்க்கும்படி கூகுளுக்கு எழுதியதும் நான்தான். ஈஸ்டருக்கு முன் கடை மீண்டும் தேடலில் வந்தது, ஆர்டரும் வரத் தொடங்கியது. பழைய இணைப்புகளும் சேர்ந்து போனதில் மதிப்பெண் பதினொன்றுக்கு இறங்கியது. ஆர்டர் வந்ததை மாமனார் கவனிக்கவில்லை. பதினொன்றைக் கவனித்தார். சாப்பாட்டைத் தள்ளினார், சபைக்குப் போவதை நிறுத்தினார், அதன் பிறகு ஷாம் வெப்சைட்டுக்குள் புகுந்து நாசம் செய்ததாக இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார். ஷாமை யோக்கியர் என்று நான் சொல்லவரவில்லை. இந்தக் காரியத்தில் அவர் என் சொல்படிதான் செய்தார்.

இன்று என்னையும் மாமனாரையும் உட்கார வைத்து, உங்களுக்கு என்ன நஷ்டம் என்று ஆய்வாளர் அவரிடம் கேட்டார். "சபையில வாசிச்சாச்சு ஐயா. இனி எந்த முகத்தோட அங்கன போவேன்?" என்றார். இணைப்புகளை மறுபடி போட்டுவிட்டால் புகாரை வாபஸ் வாங்குவார், குடும்ப விஷயம், சமாதானமாகப் போங்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. கப்பலிலிருந்து கணவரும் அதையே சொன்னார். எனக்குச் சம்மதமில்லை. இணையதளம் மாமனார் பெயரில் இருப்பதால் அதை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றும், இன்று முதல் என் மக்ரூன் அதில் விற்பனைக்கு இல்லை என்றும், அதன் பாஸ்வேர்டை இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றும் ஆய்வாளர் முன்னிலையில் தெரிவித்தேன். இனி நான் என்ன செய்வேன் என்றாவது, கடையில் எதை விற்பது என்றாவது மாமனார் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "மெதுவாச் சொல்லு. பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?" என்று கேட்டார்.

இதில் எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்) ஜெப்ஸி