தண்ணீர் வரும்வரை

உழவு மெசினின் றேடியேற்றரைக் கழுவுவதற்குப் பழப்புளிதான் நல்லது, இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் உருத்திரபுரத்துத் தண்ணீர் உள்ளே காவியாகப் படியும். புளியைக் கரைத்து ஊற்றி, ஊறவிட்டுத் திறந்துவிட்டால் எல்லாம் கழன்று வரும். பிறகு கொஞ்ச நேரம் தண்ணீரில்லாமலே எஞ்சினை ஓடவிடுவேன். மிச்சப் புளி காய்ந்துவிடும். பிழை என்று சிலர் சொல்வார்கள். என் கையில் ஓர் எஞ்சினும் அதனால் சூடேறி இறுகி நின்றதில்லை. இதையும் எழுதுங்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது. வேறோர் ஆள் வாசித்துக் காட்டிய பிறகுதான் பெருவிரல் வைப்பேன்.

அன்றைக்கும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. மெசின் முதலாளி இளையதம்பியுடையது, கூலிக்கு ஓட்டுகிறவன் நான். என் மகள் அருந்ததி வரம்பால் ஓடி வந்தாள்.

"அப்பு, இவரை நாகம் கடிச்சுப்போட்டுது. மெசினை எடுங்கோ, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவம்."

இவர் என்றால் பரமலிங்கம், என் மருமகன். முதல்நாள்தான் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு சொன்னான்: "மாமா, நெல்லு வெட்டு முடிய நாங்கள் ரெண்டுபேரும் முல்லைத்தீவிலை போய் இருக்கப்போறம். உங்களுக்கென்ன, மெசினோடை குடும்பம் நடத்துங்கோ." அருந்ததி சிரித்தாள். நானும் சிரித்தேன். கோபம் ஒன்றுமில்லை.

"தண்ணி இல்லைப் பிள்ளை. கொண்டு வா," என்றேன்.

அவள் வாளியோடு பக்கத்து வாய்க்காலில் இறங்கினாள்.

"அது சேறு. கிணத்திலை அள்ளு."

கிணறு தூரத்தில், வளவின் அந்தத் தொங்கலில். ஓடினாள். நான் எஞ்சினை நிற்பாட்டியிருக்கலாம். வேகத்தைக் கூட்டிவிட்டேன். இரும்பு காயும் மணம் வந்தது. ஒரு முனகல். பிறகு நின்றுவிட்டது. பாதி சிந்திய வாளியோடு அவள் வந்தபோது தண்ணீரை வாங்கி ஊற்றவும் செய்தேன். பார்த்துக்கொண்டு நின்றாளே.

மாட்டு வண்டிலில் ஏற்றினோம். வழி முழுக்க அவள் என் கையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே பரமலிங்கம் முடிந்துவிட்டான்.

இளையதம்பியின் முறைப்பாட்டை வைத்து நீங்கள் எஞ்சினைப் பற்றித்தான் கேட்டீர்கள். வேண்டுமென்றே இறுகவிட்டேன். சேற்றுத் தண்ணீரிலும் அது கிளிநொச்சி வரை போயிருக்கும். ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் என்னைக் கனநாள் மறித்து வைக்காதீர்கள். அருந்ததி வீட்டில் தனிய இருக்கிறாள். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?