காதுக்கு எட்டாத பாட்டு

காது மெஷினைக் குளிக்கும்போது கழற்றிவையுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, சார். என் மனைவி மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை.

அவளும் என் கடைக்கு மெஷின் வாங்க வந்தவள்தான். கையில் ஓர் இசைத்தட்டு இருந்தது. யாரும் கேள்விப்பட்டிராத ஓர் அமெரிக்கக் குழு. அந்தக் காலத்தில் ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டுக் கலைந்துபோனதாம். கிட்டார், அடக்கமான டிரம்ஸ். ஓர் ஆணும் பெண்ணும் அடுத்த அறையில் பேசிக்கொள்வதுபோல் பாடுவார்கள். இறந்துபோன முதல் கணவர் அவளுக்கு வாங்கித் தந்தது.

"ஊர்ல யார் பேசுறதும் கேக்காட்டிப் பரவால்லங்க. இதுல அந்தப் பொண்ணு பாடுறது கேக்கணும்," என்றாள்.

மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்து, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக உயர்த்தினேன். அந்தப் பெண் குரல் எட்டியதும் அவள் முகம் மாறியது. அந்த முகத்துக்காகத்தான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் சாயங்காலமானால் தட்டு சுற்றும். காபி போட்டு நீட்டினால்கூட நிமிர மாட்டாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, சார். ஆனால் செத்துப்போனவரோடு எப்படிச் சண்டை போடுவது?

சுத்தம் செய்கிறேன் என்று மெஷினை வாங்கி, அந்தக் குரலைக் கொஞ்சம் இறக்கினேன். பிறகு இன்னும் கொஞ்சம். போகப்போக எல்லாவற்றையுமே.

"பாட்டு மங்குதுங்க. காது மோசமாயிட்டே போகுதோ?"

"வயசாகுதுல்ல," என்றேன். அழுதாள். நான்தான் தேற்றினேன்.

ஒருநாள் தட்டை உறையில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் பேசும்போதெல்லாம் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம்.

போன வாரம் அவள் அண்ணன் வந்தார். "வேற இடத்துல ஒருதரம் காட்டிப் பாப்போமே, மாப்ள," என்றார். வேறு யார் கம்ப்யூட்டரில் இணைத்தாலும் நான் செய்தது தெரிந்துவிடும்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சரியாயிட்டா நாம ரெண்டு பேருமா உக்காந்து கேக்கலாங்க. நீங்க ஒருநாள்கூட எங்கூட உக்காந்ததில்லையே. நான் கூப்பிட்டாத்தான் வருவீங்களா?" என்றாள்.

அவள் என்னைக் கூப்பிடுவாள் என்று நான் நினைத்ததே இல்லை, சார்.

மறுநாள் காலை வேறொரு மெஷின் கடைக்கு நாங்கள் இரண்டு பேரும் நடந்துதான் கிளம்பினோம். அவள் ஓரடி முன்னால் போனாள். கிடங்கு வாசலிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாக வந்தது. அப்படி வரும்போது அது கீச் கீச்சென்று கத்தும். அதுவும் நான் இறக்கிவைத்த சத்தம்தான்.

நான் கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன் என்று சாட்சிகள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அவளுக்குக் கேட்காது என்று அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். கையை நீட்டியிருந்தால் தோள் எட்டியிருக்கும்.

நான் கூப்பிட்டுக்கொண்டேதான் நின்றேன், சார்.