எல்லாக் குழாயிலும் ஒரு சொட்டு

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, விருத்தாசலத்திலுள்ள எங்கள் ஆய்வு மையத்தில் கழுவு தொட்டிக்குப் பக்கத்திலிருந்த கையுறைப் பெட்டி நிறைந்திருந்தது.

திருமால் சார், உங்கள் விசாரணைக் குழுவின் வரைவறிக்கையைப் படித்தேன். தலைமை வளாகத்திலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து, எல்லோரிடமும் பொறுமையாகப் பேசி, நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஓர் இடத்தில் மட்டும் தவறு. "ஆய்வகத்தின் சுத்தமின்மையால் மாதிரிகளில் கலப்படம் ஏற்பட்டது, அதனால் மனமுடைந்த மாணவி கையுறையின்றி அமிலத்தைக் கையாண்டார்" என்று இருக்கிறது. என் ஆய்வகத்தில் ஒருநாளும் கலப்படம் ஏற்பட்டதில்லை. அந்த வரியைத் திருத்தத்தான் இதைச் சொல்கிறேன்.

அழுக்கு எனக்கு ஆகாது. பஸ் நிலையத்து டீக்கடையில் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிற கிளாஸைப் பார்த்த நாளிலிருந்து வெளியே டீ குடிப்பதை நிறுத்தியவன் நான். வேப்பூரில் பஸ் சாப்பாட்டுக்கு நின்றால் இறங்க மாட்டேன். பேனாவைக் கடிக்கும் மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. மற்ற ஆய்வகங்களில் அமில பாட்டிலுக்குப் பக்கத்தில் பாதி தின்ற வடை இருக்கும். அந்த அறைக்குள் நான் கால் வைக்க மாட்டேன். அன்புக்கரசியை நான் தேர்ந்தெடுத்ததே அவள் நகங்களைப் பார்த்துத்தான். ஒட்ட வெட்டி, வெள்ளையாக இருந்தன.

நீங்கள் வரலாற்றுத் துறைக்காரர். வேதியியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருந்துத் தொழிலில் இரண்டு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைக்க ஒரு வினையூக்கி வேண்டும். தான் தீர்ந்துபோகாமல் வினையை நடத்திவைக்கும் பொருள் அது. வழக்கமாக அது பல்லேடியம் என்ற உலோகம். தங்கத்தோடு போட்டி போடும் விலை. அதற்குப் பதிலாக விருத்தாசலத்துப் பீங்கான் கழிவைப் பொடியாக்கிப் போட்டாலே போதும் என்று நான் கண்டுபிடித்தேன். கட்டுரை வெளிவந்தது. நாளிதழ்களில் படம் வந்தது. ஒன்பது வருடமாகத் தற்காலிகப் பணியில் இருந்த எனக்கு, நிரந்தரப் பணிக்கான நேர்காணல் மே மாதம் என்று முடிவானது.

பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உடைசல்களைக் கொட்டிய மேடு இருக்கிறது. பொம்மை, கப்பு, மின்கம்பத்துப் பீங்கான் என்று எல்லாம் கிடக்கும். ஆட்கள் அங்கே ஒதுங்குவார்கள். பன்றிகள் மேயும். நான் ஒரே ஒரு முறை பக்கத்தில் போய், வேட்டியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். பிறகு எங்கள் அலுவலக உதவியாளர் பக்கிரிதான் சாக்கில் அள்ளி, கழுவி, பேட்டையிலேயே அரைத்து, வெள்ளைப் பொடியாகக் கொண்டுவந்து கொடுப்பார். நான் பொடியை மட்டுமே பார்த்தேன். சில்லுகளைப் பார்த்ததில்லை. ஆராய்ச்சியில் என்னிடம் நடந்த ஒரே பிழை அதுதான். அதையும் அருவருப்பு என்று சொல்லலாம், பிழை என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்புக்கரசிக்கு அந்த அருவருப்பு இல்லை. கருவேப்பிலங்குறிச்சிக்காரி, அப்பா கோவிந்தசாமிக்குக் கொஞ்சம் நிலம். பிப்ரவரி தொடக்கத்தில் ஒருநாள் செருப்பில் சேறோடு வந்து, என் மேசைமேல் செய்தித்தாளை விரித்து இரண்டு சில்லுகளை வைத்தாள். பின்னாலேயே பக்கிரி.

"பாப்பா குப்பையில பொதையலு தேடுது சார். கெடச்சா எனக்கு ஒரு மோதிரம் பண்ணித் தருதாம்."

"சும்மா இருங்கண்ணே. சார், இத பாருங்க. கப்போட வாய்ல ஒரு கோடு ஓடுது பாருங்க."

"வெள்ளிக்கோடு. ஓட்டல்களுக்குச் செய்வாங்க."

"வெள்ளின்னா இத்தினி மழையில கெடந்து கறுத்துருக்கணும் இல்லீங்களா? இது பளபளன்னு இருக்குது. பேட்டையில கேட்டேன் சார். இந்தக் கோடு போடுற மை வெளியூர்லேருந்து வருமாம், தங்கத்து வெலையாம்."

மேற்கொண்டு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கறுக்காத, விலை உயர்ந்த, வெள்ளி நிறக் கோடு. பல்லேடியம் கலந்த மை. என் வெள்ளைப் பொடியில் அது தூசியாகக் கலந்திருந்தது. வினையை நடத்தியது பீங்கான் இல்லை, கோடு.

அவள் கோடு உள்ள சில்லுகளைத் தனியாகவும் கோடில்லாதவற்றைத் தனியாகவும் அரைத்து இரண்டிலும் வினையை நடத்தினாள். கரைசலில் என்னென்ன மூலக்கூறுகள் இருக்கின்றன என்று வரைபடமாகக் காட்டும் என்.எம்.ஆர். கருவி எங்களிடம் இல்லை; தலைமை வளாகத்தில்தான் இருக்கிறது. பென்சிலைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் கரைசலை ஊற்றி மூடி, ஸ்பாஞ்சு வைத்த எவர்சில்வர் டிபன் கேரியரில் செருகிக் குளிர்பெட்டியில் வைப்போம். மறுநாள் காலை பக்கிரி பஸ்ஸில் கொண்டுபோவார். மாலைக்குள் வரைபடங்கள் கணினிக்கு வந்துவிடும். அந்த வரைபடத்தில் மூலப்பொருள் 3.78 என்ற இடத்தில் ஒரு கூர்முனையாக நிற்கும். வினை நடந்து விளைபொருள் உண்டாகியிருந்தால் 3.85-இல் இன்னொன்று எழும். கோடுள்ள சில்லில் எழுந்தது. கோடில்லாததில் எழவில்லை.

"சார், நம்ம கட்டுரைய திருத்தணுங்களா?" என்று கேட்டாள். சங்கடமாகத்தான் கேட்டாள்.

"ஒரு தடவை போட்டதை வச்சு ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா. திரும்பப் போடு" என்றேன். எந்த வழிகாட்டியும் அதைத்தான் சொல்வார்.

ஆய்வகத்தைக் காலையில் திறப்பது எப்போதும் நான்தான். மறுநாள் திறந்ததும் கேரியரை எடுத்தேன். கோடில்லாத சில்லுக்கான குழாயின் மூடியைக் கழற்றி, சுத்தமான விளைபொருள் கரைசலில் ஒரு சொட்டை ஊசியால் விட்டு, மூடியைத் துடைத்து, இருந்தபடியே வைத்தேன். ஊசியைக் கழுவினேன். பக்கிரி வந்து கேரியரை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன் சார்" என்று கிளம்பினார். மாலையில் 3.85-இல் கூர்முனை எழுந்தது.

பயந்து செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அளவு பார்த்துத்தான் விட்டேன். மே மாதம் வரைக்கும் அவள் அந்த விஷயத்தைத் தள்ளிப்போட்டால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அவள் தள்ளிப்போடவில்லை. மறுபடி போட்டாள். மறுபடி ஒரு சொட்டு. அப்புறம் அவள் ஒரு வேலை செய்தாள். அது நல்ல ஆய்வாளர் செய்கிற வேலை, நான் மறுக்கவில்லை. முடிவு இப்படி வர வேண்டும் என்ற தன் ஆசையே தன் கண்ணைக் கெடுக்கிறதோ என்று நினைத்து, குழாய்களில் பெயர் எழுதாமல், கழுத்தில் வெவ்வேறு நிற நூல்களைப் பக்கிரியை விட்டுக் கட்டச் சொன்னாள். எந்த நிறம் எதற்கு என்று அவர் எழுதி ஒட்டிய உறையை வரைபடங்கள் வந்த பிறகுதான் பிரிப்பாள். ஒன்றில் எதுவுமே கலக்காத வெறும் கரைப்பான் இருக்கும் என்றும் சொன்னாள்.

எது எதுவென்று எனக்குத் தெரியாது. ஆகவே எல்லாவற்றிலும் ஒரு சொட்டு விட்டேன்.

வெறும் கரைப்பானிலும் விளைபொருள் இருக்கிறது என்று வரைபடம் வந்ததும் அவள் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அந்த யோசனை அவளுக்கு வந்தது அப்போதுதான். நான் கொடுத்ததில்லை.

"எங்கிட்டேருந்துதான் ஒட்டுதுங்களா சார்?"

"வேற எதுலேருந்து வரும்?" என்றேன்.

அதன் பிறகு மூன்று வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே இருப்பாள். தோல் வெடித்து விரலிடுக்கில் நீர் வடியும். அதன்மேல் கையுறை போட்டுக் கழற்றினால் ஒரு வாடை அடிக்கும். பின்னலை வெட்டிக்கொண்டாள். சோற்றை ஸ்பூனால் சாப்பிடத் தொடங்கினாள்.

"இன்னா பாப்பா, கலெக்டரூட்டு சாப்பாடா?" என்று பக்கிரி ஒருநாள் கேலி செய்தார்.

"கிட்ட வராதீங்கண்ணே. உங்க மேலயும் ஒட்டிக்கும்" என்றாள். பக்கிரி சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

ஒரு கட்டத்தில் அவள் குழாய்களைத் தொடவே பயந்து, கரைப்பானைப் பக்கிரியை விட்டு ஊற்றச் சொன்னாள். தான் அறைக்கு வெளியே நின்றாள். அதிலும் நான் விட்டேன். நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நிறுத்தியிருந்தால் அந்தக் குழாய் மட்டும் சுத்தமாக வந்திருக்கும். அப்புறம் எல்லாச் சோதனையையும் பக்கிரியை வைத்தே போட்டிருப்பாள். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

உண்மையில் அந்த நாள்களில் அவள்மேல் எனக்கிருந்தது கோபமில்லை. அருவருப்பு. வெடித்த கைகளோடு அவள் கதவைத் திறந்தால், நான் அந்தக் கைப்பிடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் தொடுவேன். அவள் உடம்பிலிருந்து எதுவும் ஒட்டாது என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் துடைத்தேன்.

மார்ச் 11 மாலை அவள் என் மேசை முன் வந்து நின்றாள்.

"ஊருக்கே போயிடலாமான்னு இருக்குது சார். எவ்வளோ கழுவியும் போவ மாட்டேங்குது."

கண்ணாடிப் பொருள்களைக் கழுவ எங்களிடம் அடர் அமிலத் தொட்டி ஒன்று உண்டு. நான் அதைக் காட்டிச் சொன்னேன்: "கண்ணாடியில ஒட்டினது அதுல போயிடும். தோல்ல ஒட்டினது எதுல போகும்னுதான் எனக்கும் தெரியலம்மா."

ஒரு கேள்வியாகத்தான் கேட்டேன். அறிவியலில் கேள்வி கேட்பது குற்றமில்லை.

மறுநாள் காலை கேரியரில் அன்றைய சொட்டுகளை விட்டு முடித்து, கை கழுவித் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்தேன். அவள் அமிலத் தொட்டி முன்னால் நின்றிருந்தாள். கையுறை போட்டிருந்தாள். அறிக்கையில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு வலது கையுறையை மட்டும் கழற்றி மடித்து மேடைமேல் வைத்தாள். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, தொட்டியின் மூடியைத் தள்ளினாள். செய்யப்போவது என்னவென்று எனக்குப் புரிந்தது. நான் கூப்பிடவில்லை. அமிலத்தின் அருகில் நிற்பவரைத் திடீரென்று கூப்பிடக் கூடாது. அது எங்கள் ஆய்வக விதி. நானே எழுதிச் சுவரில் ஒட்டியது.

அவள் கத்தவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, துணி அலசுவதுபோல விரல்களை அமிலத்துக்குள் அசைத்தாள். முதலில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அவள் கையைத் தண்ணீரில் பிடித்தவர் பக்கிரி. நான் ஆட்டோ கூப்பிட்டேன்.

புதுச்சேரி மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மற்றவை ஒட்டிக்கொண்டு மடங்காமல் நிற்கின்றன. கோவிந்தசாமி வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பழமலை சார், நீங்க பக்கத்துல இருந்ததால புள்ள உசுரோட இருக்குதுங்க. சாமி மாதிரி நின்னீங்க" என்றார். அவர் மூக்கிலிருந்து ஒழுகியது என் மணிக்கட்டில் பட்டது. அவர் போனதும் கழுவிக்கொண்டேன்.

ஆகவே திருமால் சார், அந்த வரியை எடுத்துவிடுங்கள். கலப்படம் ஏற்படவில்லை, நான் செய்தேன். அவள் குழாய்களில் இருந்த ஒவ்வொரு சொட்டும் நான் அளந்து விட்டது, கழுவிய ஊசியால். அவள் கை சுத்தமாக இருந்தது. அவள் போட்ட சோதனைகள் சரி. என் கட்டுரை தவறு. கையுறை இருந்தது, அமிலம் மூடியிருந்தது, தண்ணீர் வந்தது. என்மீது எந்த நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள். கவனக்குறைவு என்று மட்டும் எழுத வேண்டாம்.

நேர்காணல் மே மாதம் நடந்தது. எனக்கு நிரந்தரப் பணி கிடைத்தது. ஆய்வேட்டைக் குறித்த காலத்தில் சமர்ப்பிக்காததால் அன்புக்கரசியின் பதிவு சென்ற வாரம் ரத்தாகிவிட்டது. வழிகாட்டி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.